வேப் வாங்கலாமா: மலிவானதா, விலை கூடினதா? செல்போன் கடைக்காரன் ஒருவனின் முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள், சார்ஜிங் போர்ட் சுத்தம் செய்ய வருகிறவர்கள் நடுவே, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பையன் பாக்கெட்டிலிருந்து பென் டிரைவ் மாதிரி ஒரு வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, எடுத்து மேசைமேல் வைப்பான். "அண்ணா, இது சார்ஜே ஏறமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்." நான் அதைத் தொடுவதில்லை. உடனே அடுத்த கேள்வி வரும்: "எண்ணூறு ரூபா ஐட்டம்ணா, அதான் இப்படி. அஞ்சாயிரம் போட்டு நல்லதா ஒண்ணு வாங்கிட்டா பிரச்சனை இருக்காதுல்ல?"

இந்தக் கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் நானே இரண்டையும் வாங்கியவன். 2017-ல் ஆன்லைனில் ஒரு பேனா மாடல் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன், 2018 கடைசியில் மலேசியாவிலிருந்து வந்த நண்பர் மூலமாகப் பெரிய மாடல் ஒன்றை ஆறாயிரத்துக்கு வாங்கினேன். இரண்டையும் கழற்றி உள்ளே பார்த்திருக்கிறேன், அது என் தொழில் புத்தி. அதனால் இதில் பணம் எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யாது என்பதைப் படிப்படியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதல் படி: எதற்காக வாங்குகிறீர்கள்?

சிகரெட்டே தொடாத ஆள், நண்பன் விடுகிற மாம்பழ வாசனைப் புகையைப் பார்த்து ஆசைப்பட்டால், பதில் ஒரு வரிதான்: இரண்டும் வேண்டாம். நிகோடின் இல்லாத உடம்புக்கு நிகோடின் பழக்குவதற்கு மலிவு, உயர்வு என்று எந்த வித்தியாசமும் கிடையாது. மாம்பழம் வேண்டுமென்றால் ஊரே மாந்தோப்புதான்.

சிகரெட்டை விடத்தான் வாங்குகிறேன் என்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். இந்த வழிகாட்டி முக்கியமாக அவர்களுக்கு. ஏற்கெனவே வேப் பிடித்துக்கொண்டு, அடுத்து நல்ல மாடலுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களும் இதிலேயே அடக்கம்.

இரண்டாம் படி: சட்டம் என்ன சொல்கிறது

பலர் இதை "பெங்களூருல கிடைக்குதே" என்ற ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் சட்டம் மாறாது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அதே வருடம் டிசம்பரில் அது முழுச் சட்டமானது. மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டுபோவது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே நாடு முழுக்கத் தடை. முதல் தடவை மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருடம் வரை, அதோடு ஐந்து லட்சம் வரை. இருப்பு வைத்திருப்பதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"நிகோடின் இல்லாததுண்ணா, வெறும் ஃப்ளேவர்தான்" என்று ஒருவர் சொன்னார். சட்டத்தில் உள்ள விளக்கமே, நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி இழுக்கத் தரும் மின்கருவி என்றுதான் இருக்கிறது. ஈ-ஹூக்காவும் அதில் வந்துவிடும், உதிரிப் பாகமும் வந்துவிடும். பிடிப்பது குற்றம் என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லையே என்று வாதம் செய்பவர்களும் உண்டு. ஆனால் கையில் வைத்திருப்பதே எந்த வடிவத்திலும் மீறல்தான் என்று சுகாதார அமைச்சகம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொப்பூர் செக்கிங்கில் போலீஸ்காரரிடம் அந்த வாதத்தைச் செய்துபார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதில் வியாபார ரீதியாக ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான் விலையைப் புரிந்துகொள்ள உதவும். தடை செய்த பொருளுக்குப் பில் கிடையாது. பில் இல்லையென்றால் வாரன்டி இல்லை, நுகர்வோர் கோர்ட் இல்லை, "மாத்திக் கொடுப்பா" என்று போய் நிற்க ஒரு கடை இல்லை. ஐயாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த நம்பிக்கைக்குத்தானே? அது இங்கே இல்லை.

மூன்றாம் படி: கழற்றிப் பார்த்தால் உள்ளே என்ன

இதைக் கண்டுபிடித்தவர் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர், 2003-ல். அன்றிலிருந்து அடிப்படை மாறவே இல்லை. ஒரு பேட்டரி, ஒரு சின்னச் சர்க்யூட் போர்டு, ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சு ஊறிக்கிடக்கும் திரவம். அவ்வளவுதான். சுருள் சூடானதும் திரவம் ஆவியாகிறது. இட்லிக் குண்டானில் துணி விரித்துத் தண்ணீர் கொதிக்கவைப்பது போலத்தான், தண்ணீருக்குப் பதிலாகப் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிகோடின், வாசனை.

என் தொள்ளாயிரம் ரூபாய்ப் பேனாவில் போர்டு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும். பட்டனை அமுக்கினால் பேட்டரியிலிருந்து நேரே சுருளுக்குக் கரண்ட். பஞ்சு காய்ந்துபோனாலும் அதற்குத் தெரியாது, தொடர்ந்து எரிக்கும். அப்போது தொண்டையில் ஒரு கருகல் வரும் பாருங்கள், அடிபிடித்த பாலைக் குடித்த மாதிரி. வாய்க்குச் சுவை கெட்டதோடு போகவில்லை. திரவம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரியான நச்சுகள் உண்டாகின்றன.

ஆறாயிரம் ரூபாய் மாடலில் நிஜமாகவே வேலை செய்திருந்தார்கள், அதை மறைக்கக்கூடாது. பத்து விநாடிக்கு மேல் பட்டனை அமுக்கிப் பிடித்தால் தானே அணைந்தது. சுருளில் ஷார்ட் இருந்தால் திரையில் சொன்னது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திக்கொண்டது. கம்பி சூடாகும்போது அதன் மின்தடை மாறுவதை அளந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் இருந்தது. ஒழுகல் குறைவு. முதல் பேனா என் சட்டைப் பையில் ஒழுகி, ஒரு கல்யாண வீட்டில் நான் நாள் முழுக்க ஸ்ட்ராபெரி மணத்தோடு நின்றிருக்கிறேன்.

ஆக, கருவி என்ற அளவில் விலைக்கும் தரத்துக்கும் தொடர்பு உண்டு. சர்க்யூட், சீல், உலோகம், இந்த மூன்றிலும் காசு தெரியும். ஆனால் நல்ல கருவியிலும் சுருள் உலோகம்தான், அது தினமும் நூறு முறை சூடாகிறது. ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நான்காம் படி: பேட்டரி, இதில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள்

பெரிய மாடல்களில் போடுவது 18650 என்ற செல். பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் தலையில் கட்டுகிற டார்ச்சில் இருப்பதும் பெரும்பாலும் இதே செல்தான், அதனால் நம் பக்கத்தில் இது புதுப் பொருள் இல்லை.

இந்த அளவுச் செல்லில் இன்றைய தொழில்நுட்பத்தில் சுமார் 3,500, மிஞ்சிப்போனால் 4,000 எம்ஏஎச் வரைதான் அடைக்க முடியும். சந்தையில் 9,900 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கிடைக்கும். அது பொய். நான் அப்படி ஒன்றை அளந்து பார்த்தேன், ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. டார்ச்சில் போட்டால் சீக்கிரம் மங்கும், அத்தோடு முடிந்தது. வேப்பில் போட்டால் கதை வேறு, அந்தச் சுருள் ஒரே இழுப்பில் செல்லிலிருந்து நிறையக் கரண்டைப் பிடுங்கும். தாங்காத செல் சூடாகும், வீங்கும், சில சமயம் வெடிக்கும். வாய்க்கு அருகில் வைத்திருக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் விலையை நம்ப முடியாததற்குக் காரணம், எந்தச் செல்லின் மேலுறையையும் உரித்துவிட்டுப் புது உறை சுற்றுவது ஐந்து நிமிட வேலை. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்லுக்குப் பளபளப்பான உறை மாட்டி விற்றால் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நானே மீட்டர் வைத்துத்தான் சொல்வேன். நம் ஊர்க்காரர்களுக்கு உவமை தேட வேண்டியதே இல்லை: கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம். வெளியே தங்க மஞ்சள், அறுத்தால் தெரியும். பெட்டி, ஹோலோகிராம், கியூஆர் கோடு எல்லாம் அந்த மஞ்சள் நிறம்தான்.

எண்ணூறு ரூபாய் டிஸ்போசபிளில், அதாவது திரவம் தீர்ந்ததும் தூக்கிப் போடும் வகையில், செல்லை மாற்றவும் முடியாது. அதைச் செல்போன் ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டித் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார்கள். லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது எல்லை. அதைத் தாண்டாமல் நிறுத்துகிற சர்க்யூட் அந்தக் கருவிக்குள் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: காசு கொடுத்தாலும் வாங்க முடியாதது

கருவியை விடுங்கள், நுரையீரலுக்குள் போவது திரவம். கருவி ஆறாயிரமோ அறுபதாயிரமோ, பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இங்கிலாந்தில் திரவத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக்கூடாது, தொட்டி 2 மில்லிக்கு மேல் கூடாது என்று விதி. வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டைஅசிட்டைல் அங்கே தடை. அப்படிப்பட்ட நாட்டிலேயே டிஸ்போசபிள் வகையை 2025 ஜூன் 1 முதல் விற்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நம் ஊருக்குத் திருட்டுத்தனமாக வரும் டிஸ்போசபிள்களில் பலவற்றில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும், அதாவது மில்லிக்கு 50 மில்லிகிராம், அந்த வரம்பைப் போல இரண்டரை மடங்கு. போட்டிருப்பது உண்மையா என்று பார்க்க ஒரு அதிகாரியும் கிடையாது.

2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதிப்போடு ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனது நினைவிருக்கலாம். முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, கள்ளச் சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கெட்டியாகத் தெரிவதற்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். கருவி நல்லதா கெட்டதா என்பது அங்கே ஒரு கேள்வியாகவே வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "இந்த ஆள் ஒருதலைப்பட்சமா பேசறான்" என்பீர்கள். இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு வருடம் கழித்து, மின்சிகரெட் கொடுத்த பிரிவில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், மெல்லும் கம், தோலில் ஒட்டும் பேட்ச் மாதிரி நிகோடின் மாற்றுகள் கொடுத்த பிரிவில் 9.9 சதவீதம். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அப்படி விட்டவர்களில், மின்சிகரெட் பிரிவில் 80 சதவீதம் பேர் வருடக் கடைசியிலும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், மற்றப் பிரிவில் தன் மாற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். அதோடு இரண்டு பிரிவுக்கும் முதல் சில வாரம் வாராவாரம் ஆலோசனையும் கொடுத்தார்கள். கொடுத்த கருவி, திரவம் நிரப்பிக்கொள்ளும் சாதாரண ஆரம்ப மாடல், ஆறாயிரம் ரூபாய் ராஜா மாடல் இல்லை.

விட வைத்தது கருவியின் விலை இல்லை என்று நான் சொல்வதற்கு இதுவே போதும். ஆனால் என் சொந்தக் கணக்கு இன்னும் நன்றாகச் சொல்லும்.

ஆறாம் படி: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

வேப்புக்கு முன்னால் நான் நாளுக்கு 12 சிகரெட். அப்போது ஒன்று 15 ரூபாய். நாளுக்கு 180, மாதம் 5,400.

பெரிய மாடல் வந்தபிறகு சிகரெட் ஐந்தாகக் குறைந்தது. ஆஹா என்று இருந்தேன். வாரம் ஒரு பாட்டில் திரவம் 600 ரூபாய், மாதம் 2,400. பத்து நாளைக்கு ஒரு சுருள் 300, மாதம் 900. மிச்ச ஐந்து சிகரெட் மாதம் 2,250. கூட்டினால் 5,550. கருவிக்குக் கொடுத்த ஆறாயிரம் இதில் சேரவே இல்லை.

பணத்தைவிட மோசமானது ஒன்று நடந்தது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, ஐந்து நிமிடத்தில் விரலைச் சுடும், கீழே போட்டு மிதித்துவிட்டுக் கடைக்குள் வந்துவிடுவோம். வேப்புக்கு முடிவு கிடையாது. மேசைமேலேயே கிடந்தது. ஒரு ஸ்க்ரூ கழற்றி ஒரு இழுப்பு, டிஸ்ப்ளே ஒட்டி ஒரு இழுப்பு. காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நான் ஒரே ஒரு நீளமான சிகரெட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் உறைத்தது. கருவி நன்றாக இருக்க இருக்க இது கூடியது. மலிவுப் பேனா கருகியதும் தூக்கி வைத்துவிடுவேன், இது கருகவே இல்லையே.

தடை வந்ததும் திரவம் மறைமுகமாக இரண்டு மடங்கு விலைக்குப் போனது. நான் மறுபடி 12 சிகரெட்டுக்கே வந்து நின்றேன், ஆறாயிரம் ரூபாய்க் கருவி பேப்பர் வெயிட் ஆனது.

ஏழாம் படி: அதே பணத்தை எங்கே போடலாம்

இங்கேதான் மலிவா உயர்வா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும், ஏனென்றால் இங்கே பில் உண்டு, மருந்துச் சட்டம் உண்டு.

காசே இல்லாதது முதலில். சிகரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1800-11-2356 என்ற எண் அச்சாகியிருக்கும், 2018 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். இலவச அழைப்பு. தென்னிந்திய மொழிகளுக்கான பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது, தமிழில் பேசலாம். நான் வெட்கப்பட்டுக்கொண்டே கூப்பிட்டேன், திட்டுவார்கள் என்று நினைத்தேன், அந்தப் பெண் முதலில் கேட்டது "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் பிடிக்கிறீங்க?" என்பதுதான். அது ஏன் முக்கியம் என்பது கீழே வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவு ஓபியில் போய், புகையை விட வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், கிறுக்கன் என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள்.

அடுத்தது நிகோடின் கம். 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். உள்ளூர் கம்பெனியின் கம்மும் வெளிநாட்டுப் பெயர் போட்ட கம்மும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், விலை வித்தியாசம் தெரியும். இங்கே தைரியமாக மலிவானதை எடுங்கள். இரண்டிலும் நிகோடின் 2 மில்லிகிராம்தான், மாறுவது மேல் பூச்சும் சுவையும் மட்டும். புதினா பிடிக்காவிட்டால் வேறு சுவைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுப்பதில் தப்பில்லை, பிடிக்காத கம்மை யாரும் மென்று முடிக்க மாட்டார்கள்.

பணத்தைக் கூட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு: பேட்ச். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்களுக்குப் பேட்ச் ஒரு சீரான அளவைப் பின்னணியில் கொடுத்துக்கொண்டே இருக்கும், திடீரென்று வரும் ஆசைக்குக் கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். வழக்கமான முறை 21 மில்லிகிராமில் ஆறு வாரம், 14-ல் இரண்டு வாரம், 7-ல் இரண்டு வாரம். முடி இல்லாத இடத்தில், வியர்வை துடைத்து, தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ராத்திரி கண்டபடி கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். பேட்சை டாக்டரிடம் கேட்டே ஆரம்பியுங்கள். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கம்மையும் கேட்காமல் தொட வேண்டாம்.

மாத்திரைகளும் உண்டு, புப்ரோபியான், வாரெனிக்லின். இவை டாக்டர் வேலை. வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், நண்பனின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

எட்டாம் படி: கம்மை மெல்லத் தெரிய வேண்டும்

"கம் ட்ரை பண்ணேன், வேலைக்காவல" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதை பபுள்கம் மாதிரி மென்றவர்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக நாலைந்து தடவை மெல்லுங்கள், மிளகு கடித்த மாதிரி சுள்ளென்று ஒரு காரம் வரும். வந்ததும் நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். அந்தக் காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள், இந்தத் தடவை வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். வெற்றிலை பாக்கு போட்டவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஒதுக்கல் கஷ்டமில்லை.

எந்த அளவு? எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மில்லிகிராம், டாக்டரைப் பாருங்கள். அதற்கு மேல் தாக்குப் பிடிப்பவர்களுக்கு 2 போதும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. மொத்தம் பன்னிரண்டு வாரம். 24-ஐத் தாண்டக்கூடாது ஒரு நாளில். ஆரம்பத்தில் குறைவாக மெல்லுவதுதான் பெரிய தப்பு, மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஐந்தே மென்றால் சாயங்காலம் கால் தானாகப் பெட்டிக்கடைக்கு நடக்கும்.

என் கணக்கு இது: முதல் 42 நாள் தினம் பத்து, அடுத்த 21 நாள் ஐந்து, கடைசி 21 நாள் மூன்று. மொத்தம் 588. நான் வாங்கியபோது பத்துக்குச் சுமார் நூறு ரூபாய், ஆக ஏறத்தாழ 5,880. என் பழைய ஒரு மாத சிகரெட் செலவைவிடக் கொஞ்சம் கூட, மலேசியா மாடலைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவைச் செலவு, அத்தோடு முடிந்தது.

டீதான் பெரிய வில்லன். நம் பக்கத்தில் டீயும் தம்மும் மாமன் மச்சான். டீ, காபி, ஜூஸ், சோடா எதுவானாலும் குடித்த கால் மணி நேரத்துக்குள் கம் போட்டால் நிகோடின் வாயில் சரியாக ஏறாது. நான் செய்தது, டீக்கடைக்குப் போவதை நிறுத்திக் கடைக்கே ஃபிளாஸ்கில் வரவழைத்தேன், குடித்துவிட்டு ஒரு போன் வேலையை முடித்தபிறகே கம். முதல் மூன்று நாள் கொடுமை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், கஸ்டமர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆனால் ஒவ்வொரு ஆசையும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் நிற்கிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு என் அம்மா உப்பு போட்டுக் காயவைத்த நெல்லிக்காய் கொடுத்துவிட்டார். அதியமான் ஆண்ட தகடூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நெல்லிக்காயை நம்பாவிட்டால் எப்படி? அதில் மருந்து ஒன்றும் இல்லை, வாய்க்கு ஒரு வேலை, அவ்வளவே. பதினேழாம் நாள் ஒரு சாவு வீட்டில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். போச்சு என்று விட்டுவிடவில்லை, மறுநாள் பதினெட்டாம் நாள் என்றே எண்ணினேன்.

கடைசிப் படி: கையில் இருக்கும் பழையதை என்ன செய்வது

விற்காதீர்கள், அது விற்பனைக் குற்றம். தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுக்காதீர்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், நம் ஊரில் குப்பைக்குத் தீ வைக்கிறார்கள், லித்தியம் செல் தீயில் வெடிக்கும். செல்லைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றி, இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், சாவி, சில்லறை இருக்கும் பாக்கெட்டில் வெறும் செல்லைப் போடவே கூடாது, ஷார்ட் ஆகித் தொடை வெந்துவிடும். டேப் ஒட்டிய செல்லை மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்கலாம். கழற்ற முடியாத டிஸ்போசபிளைக் குத்தித் திறக்கவே திறக்காதீர்கள், அப்படியே அதே கழிவில் போகட்டும்.

என் மலேசியாக் கருவியின் உடம்பைச் சுத்தியலால் நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டேன். அதிலிருந்த இரண்டு செல்லும் அசல், மீட்டரில் வைத்து உறுதி செய்துகொண்டேன். ஒன்று அப்பாவின் தலை டார்ச்சில் இருக்கிறது, ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வரும் நேரத்தில் மாந்தோப்புக்கு மோட்டார் போடப் போகும்போது கட்டிக்கொள்கிறார். இன்னொன்று அதற்கு மாற்று. அந்த ஆறாயிரத்தில் உருப்படியாக மிஞ்சியது அவ்வளவுதான், அப்பாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியாது.